பிள்ளைக்கு மேப் பழக்க எது உதவும்: பசிலா, குளோபா, போனா, வெள்ளைத் தாளா?

தமிழ்நாட்டு மாவட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டிய மரப் பசில்தான் பலரும் முதலில் வாங்குவது. வாங்கும்முன் அதில் மயிலாடுதுறை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2019, 2020-இல் பிரித்ததில் 32 மாவட்டம் 38 ஆகிவிட்டது. துண்டைத் திருப்பித் திருப்பிப் பொருத்துவதால் வடிவம் மனதில் பதியும். ஆனால் மதுரைக்கு எந்தப் பக்கம் தேனி என்று கேட்டால் பிள்ளை முழிக்கும். ஓரம் பொருந்தினாலே ஆட்டம் முடிந்துவிடும், திசையை யாரும் கேட்பதில்லை.

குளோப் செய்கிற வேலையை மற்ற எதுவும் செய்யாது. துருவப் பக்கத்து நிலங்களைப் பெரிதாக்கிக் காட்டும் மெர்கேட்டர் முறையில் வரைந்த தட்டையான உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. குளோபில் சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பசிபிக்கைக் குறுக்கே கடக்கும் என்று நினைத்த நூல், வடகிழக்குச் சைபீரியா வரை ஏறி இறங்கும்.

போன் மேப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. வழிகாட்டும்போது நாம் திரும்பினால் படமும் திரும்பிக்கொள்கிறது. பிள்ளையின் மூளை செய்யவேண்டிய வேலையைப் போனே முடித்துவிடுகிறது. வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி மாற்றிக் கொடுங்கள். செயற்கைக்கோள் படத்தில் தன் வீட்டு மொட்டை மாடியைத் தேடவிடுங்கள், அது நல்ல பயிற்சி.

ஒன்றுதான் முடியும் என்றால் நான் வெள்ளைத் தாளையே எடுப்பேன். வீட்டிலிருந்து கடை வரை காலடியை எண்ணி நடக்கட்டும். 20 காலடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரையட்டும்; மேப்பின் அளவுகோல் என்றால் என்ன என்று அங்கேயே புரிந்துவிடும். முதல் படத்தில் தெரு மேலிருந்து பார்த்தமாதிரியும், கோவில் கோபுரம் பக்கவாட்டில் படுத்தும் கிடக்கும். திருத்தாதீர்கள், மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் போதும். 'வடக்கால போய் மேற்கால திரும்பு' என்று ஊர்ப் பெரியவர்கள் வழி சொல்வதுபோல அவர்களும் சொல்லிப் பழகட்டும். அப்புறம் எதையாவது ஒளித்துவைத்து, அந்தப் படத்தை அண்ணனிடமோ தங்கையிடமோ கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பொருள் கிடைக்காவிட்டால் படத்தில் எங்கே பிசகு என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

இது கைவந்த பிறகு மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோபோஷீட்டை, அதாவது மேடு பள்ளத்தையும் காட்டும் விரிவான மேப்பைக் காட்டலாம். அதில் 2 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் நெருங்கி ஓடும் இடம் செங்குத்துச் சரிவு என்று மட்டும் சொல்லிவிட்டு, மலையேற எது சுலபமான வழி என்று கேளுங்கள்.