மலை ரயிலில் எந்தப் பாதி? மேட்டுப்பாளையம்–குன்னூர், குன்னூர்–ஊட்டி: ஓர் ஒப்பீடு

'ஊட்டி ரயில்' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உண்மையில் அது இரண்டு விதமான பயணம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை சுமார் 28 கி.மீ., நீராவி இன்ஜின், நடுவில் பல்தண்டவாளம். குன்னூரிலிருந்து ஊட்டி வரை சுமார் 18 கி.மீ., டீசல் இன்ஜின், சாதாரணத் தண்டவாளம். முதல் பகுதி 1899-இல் திறக்கப்பட்டது, இரண்டாவது 1908-இல்தான் ஊட்டியைத் தொட்டது. இரண்டுக்கும் டிக்கெட் கிடைத்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஒன்றுதான் கிடைக்கும் என்றால், கீழ்ப் பாதியைப் பிடியுங்கள்.

காரணம், மலையடிவாரத்தில் உள்ள கல்லாறில் தொடங்குகிறது. அதுவரை வண்டி பாக்குத் தோப்புகளை ஒட்டிச் சமதளத்தில் ஓடும். கல்லாறு தாண்டியதும் வேகம் நடை அளவுக்குக் குறையும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை ஆரம்பிக்கும் இடம் அது. அந்த முனை ஸ்பிரிங் மேல் நிற்பதால், இன்ஜினின் பல்சக்கரம் அதில் மெல்லப் பொருந்திக்கொள்ளும். பொருந்தும்போது பெட்டிக்குள் லேசான உதறல் தெரியும். அதன்பின் ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி வரை போகும். இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டுதான் வேலை செய்யும். ஏற்றத்தில் அந்த இரண்டிலிருந்து வெளியேறும் நீராவியே மற்ற இரண்டுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். இரைச்சலின் தாளம் மாறுவதைக் காது கொடுத்துக் கேட்டாலே புரியும்.

ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். முன் பெட்டிக்காரர்களுக்குப் பாதை மறைக்காமல் தெரியும், புகையும் அதிகம் வராது. கடைசிப் பெட்டியில் கரியும் சத்தமும் கூடுதல், ஆனால் இன்ஜினின் மூச்சு பக்கத்திலேயே கேட்கும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். அவர் கையைப் பாருங்கள், வளைவுக்கு முன்பே சக்கரத்தைத் திருக ஆரம்பித்துவிடுவார்.

குன்னூர் வரை சுமார் மூன்றேகால் மணி நேரம். பஸ்ஸில் அதே தூரத்தை அதில் பாதி நேரத்தில் போய்விடலாம். அவசரமென்றால் பஸ்தான் சரி. வழியில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பார்க்கலாம். ஹில்குரோவ் நிலையத்தில் குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும், பொட்டலத்தைப் பையை விட்டு எடுக்க வேண்டாம்.

மேல் பாதி வேறு ரகம். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊர்களை ஒட்டியே போகும். காட்டுக்குப் பதில் கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும், ஒரு நாளைக்குப் பல வண்டிகள் உண்டு. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், நெடுநேரம் மர இருக்கையில் உட்கார முடியாதவர்களுக்கும் இதுவே பொருத்தம். முன்பதிவில்லா டிக்கெட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாக வரிசையில் நின்றுவிட வேண்டும், விடுமுறை நாளில் இன்னும் சீக்கிரம்.

கீழ்ப் பாதியின் சிக்கல் டிக்கெட்டும் மழையும். காலை 7.10 மணியளவில் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் வழக்கமான வண்டி ஒன்றுதான், கோடையில் சிறப்பு ரயில் வந்தால் உண்டு. ஐஆர்சிடிசி-யில் 60 நாள் முன்பு பதிவு திறக்கும், திறந்த அன்றே பாருங்கள். ஆன்லைனில் எடுத்தது காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால் டிக்கெட் தானாக ரத்தாகும், பணம் திரும்பும். ஆனால் அதற்குள் அறை பதிவு செய்திருப்பீர்கள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து நேரே மாறலாம். மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் இரவு தங்குவதே நிம்மதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் இந்தப் பாதை நாள்கணக்கில் மூடப்படுவதுண்டு. அந்த மாதங்களில் மேல் பாதியை நம்பித் திட்டமிடுங்கள்.

தங்க எது? குன்னூர். சுமார் 1,700 மீட்டர் உயரம், ஊட்டி அதைவிட 500 மீட்டர் அளவுக்கு மேலே. ஆக, குளிரும் கூட்டமும் குன்னூரில் குறைவு. பழைய கடைகளின் வாசனையும் இங்கே அதிகம்: ஸ்டேஷனுக்கு அருகே சந்தை, மேலே பெட்ஃபோர்ட், 1880 முதல் நடக்கும் கிரவுன் பேக்கரி. ஊட்டியில் கமர்ஷியல் ரோடும் சேரிங்கிராஸும் பெரியவை, தெரிவு அதிகம், நெரிசலும் அதிகம். ஊட்டியைப் பகல் ரயிலில் போய்ப் பார்த்துத் திரும்பிவிடலாம்.

ரயிலிலோ அரசுப் பஸ்ஸிலோ வந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் தேவையில்லை, வெளியூரிலிருந்து வரும் சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும்தான் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, எவர்சில்வர் பாட்டிலை மேட்டுப்பாளையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வாங்குவதில் ஊட்டி வர்க்கி என்ற மொறுமொறு பேக்கரிப் பண்டத்துக்கு முதலிடம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல வர்க்கி உடைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். மலை ஈரத்தில் நமத்துவிடும் என்பதால் கிளம்பும் நாளில் வாங்கி டப்பாவில் அடையுங்கள். சாக்லேட்டுக்கு எதிர்ச் சிக்கல்: மேலே கெட்டியாக இருப்பது மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது இளகிவிடும். பையின் நடுவில், ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்தால் இரவு ரயில் ஏறும் வரை தாங்கும்.