சாண்டோரினியில் கப்பல் நிற்கும் சில மணி நேரம்: மதியச் சாப்பாடு ஃபிராவிலா, அமூதியிலா, பிர்கோஸிலா?

கிரேக்கத் தீவான சாண்டோரினியில் பயணக் கப்பல் கரையோரம் கட்டப்படுவதில்லை; கால்டேராவுக்குள், அதாவது கடல் நிறைந்த எரிமலைப் பள்ளத்துக்குள், கடலிலேயே நிற்கும். சிறு படகில் பழைய துறைமுகம் வந்து, கேபிள் காரில் மேலே இருக்கும் ஃபிரா ஊருக்கு ஏற வேண்டும். சாப்பிட மூன்று இடங்கள் உண்டு. என் ஓட்டு பிர்கோஸ் கிராமத்துக்கு.

ஃபிராவின் பாறை விளிம்பில், கடலைப் பார்த்து உட்கார்ந்தால் காசு பெரும்பாலும் காட்சிக்குத்தான். கையில் மூன்று மணி நேரம்கூட இல்லையென்றால் இங்கேயே சாப்பிடுங்கள், ஆனால் இரண்டு தெரு உள்ளே தள்ளி.

இயா என்ற ஊருக்குக் கீழே இருக்கும் சிறு துறைமுகமான அமூதி, மீன் பிரியர்களின் இடம். மீன் கிலோ கணக்கில் விற்பதால், அடுப்பில் வைக்கும் முன்பே எடை போடச் சொல்லி மொத்த விலையைக் கேட்டுவிடுங்கள். மீனில் எனக்குப் பழக்கம் குறைவு. சுவையில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இயா பேருந்தில் நெரிசல் அதிகம். சாப்பிட்ட பிறகு ஏறக்குறைய 300 படி ஏறவும் வேண்டும்.

பிர்கோஸுக்கு ஃபிரா பேருந்து நிலையத்தில் பெரிஸ்ஸா ஊருக்குப் போகும் வண்டியைப் பிடித்தால் கால் மணி நேரம் போல ஆகும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும். ஏறும் முன்பே திரும்பும் வண்டி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே முதலில் ஃபாவா வாங்குங்கள். தீவிலேயே விளையும் மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெய், வெங்காயம், கேப்பர் மொட்டு போட்டுத் தருவார்கள். நம் பருப்பு மசியலுக்கு நெருங்கிய சொந்தம். அடுத்தது தொமதொகெஃப்தேதெஸ்: சிறு தக்காளி, வெங்காயம், புதினா, மாவு சேர்த்துப் பொரித்த வடை. இதில் இறைச்சி கிடையாது. ஆனால் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பதுண்டு. சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. வெள்ளைக் கத்தரிக்காயில் விதையும் கசப்பும் குறைவு, சுட்டு மசித்தது அருமை. தீவின் காற்றுக்கு அஞ்சிக் கொடியைக் கூடை போல் வளைத்து வளர்க்கும் அசிர்த்திகோ திராட்சையின் வெள்ளை வைன் இவற்றோடு நன்றாகச் சேரும். இரண்டு பேருக்கு மூன்று தட்டும் ஒரு சாலடும் தாராளம். கேட்காமல் வரும் ரொட்டிக்கும் பில்லில் காசு சேரும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது கேபிள் கார் வரிசை. கீழே போக மூன்று நிமிடம்தான். ஆனால் ஒரே நாளில் பல கப்பல்கள் நின்றால், மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க வருவார்கள், வரிசை ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அதனால் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கடைசிப் படகு 5.30 என்றால் 3.30-க்கு கேபிள் கார் வாசலில் நிற்க வேண்டும், பிர்கோஸில் 2.30-க்கே பில் கேட்க வேண்டும். கேட்காமல் பில் கொண்டுவருவது கிரேக்க வழக்கமில்லை; கேட்டபிறகும் கால் மணி போகலாம். எனவே 12.30-க்கே உட்கார்ந்துவிடுங்கள், கூட்டமும் இருக்காது. இதே கணக்கை அமூதிக்குப் போட்டால் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது சொற்பம்.

வரிசை மிக நீண்டிருந்தால் கழுதைப் பாதையில் சுமார் 590 படி இறங்கலாம், அரை மணி நேரம் ஆகும். கல் வழவழப்பானது, சாணமும் கிடக்கும். பிடிப்புள்ள செருப்பில்லாமல் இறங்க வேண்டாம்.