தொப்பூர் கணவாயா, குதிரான் சுரங்கமா: எங்கே பயப்பட வேண்டும்?

காட்பாடியிலிருந்து குருவாயூருக்குக் காரில் போகும்போதெல்லாம் எங்கள் வண்டிக்குள் இதுதான் நடக்கும். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். பாலக்காடு தாண்டிக் குதிரான் சுரங்கம் வந்ததும் எழுந்து முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். "இன்னாடா இது, மலைக்குள்ள பூந்து போறோம். மேல வுழுந்துச்சின்னா?" அந்தச் சுரங்கம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறோம். ஓட்டுகிற எனக்கு உள்ளங்கை வேர்ப்பது தொப்பூரில்தான்.

ஒரே பயணத்தில் இரண்டும் வருவதால் ஒப்பிடுவது சுலபம். முதலில் மலைச்சாலை. ஏலகிரிக்கு ஏறி இறங்கினவர்களுக்குத் தெரியும்: பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர். அங்கே வளைவே நம்மை மெதுவாகப் போக வைத்துவிடும். தொப்பூரில் அப்படி இல்லை. அகலமான நான்குவழிச் சாலை, நீளமான இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் லாரியில் இன்ஜின் பிடிப்பு இருக்காது, பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். பிரேக் டிரம் சூடேறி, அதில் உரசும் லைனிங்கின் பிடிப்பு போய்விடும். ஒருமுறை எனக்கு முன்னால் போன லாரியின் பின்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வந்தது. கண்ணாடியை ஏற்றியிருந்தும் கருகல் வாடை உள்ளே வந்தது. நான் ஓரம்கட்டி அந்த லாரியைப் போகவிட்டேன். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதைக் கேட்டாலே பாதி விபத்து குறையும்.

சுரங்கத்தில் இந்தத் தொல்லைகள் கிடையாது. சரிவு குறைவு, கொண்டை ஊசி இல்லை, மழை, பனிமூட்டம், பாறைச்சரிவு எதுவும் இல்லை. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகும் சாலையில் 2017 ஏப்ரலில் திறந்த சேனானி-நஷ்ரி சுரங்கம் சுமார் 9 கிலோமீட்டர். 41 கிலோமீட்டர் மலைச்சாலையை அது 11 கிலோமீட்டருக்குள் சுருக்கிவிட்டது. ஓட்டாத மலைவளைவில் விபத்தும் நடக்காதே!

அன்றாடம் ஆபத்து என்றால் அது சுரங்க வாய்தான். வெயிலில் ஓட்டிவந்த கண் இருட்டுக்குப் பழகச் சில நொடி ஆகும். அதனால்தான் உள்ளே நுழைந்ததும் விளக்குகள் அத்தனை பளிச்சென்று இருக்கும், போகப்போகக் குறையும். நம் வேலூர் வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் போட்டே ஓட்டிப் பழகினவர்கள், வாசலுக்கு முன்பே அதைக் கழற்றி ஹெட்லைட் போட வேண்டும். முன்னால் போகிறவர் தடுமாறிப் பிரேக் அடிப்பதும் அங்கேதான்.

ஆனால் சுரங்கத்தில் தீப்பிடித்தால் கதை வேறு. மலைச்சாலையில் வண்டி எரிந்தால் இறங்கி ஓடிவிடலாம். சுரங்கத்தில் புகை நம்மை முந்திவிடும். 1999 மார்ச் 24 அன்று பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே உள்ள 11.6 கிலோமீட்டர் மான்ட் பிளாங்க் சுரங்கத்தில், மாவும் மார்கரினும் ஏற்றிவந்த லாரி ஒன்று எரிந்தது. தீ இரண்டு நாளுக்கு மேல் அணையவில்லை. 39 பேர் இறந்தார்கள். பலர் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. ஒதுங்கிக்கொள்ள அறைகள் இருந்தன, அங்கிருந்து வெளியே போக வழி இல்லை. 2001 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் கோட்டார்டு சுரங்கத்தில் இரண்டு லாரிகள் மோதி எரிந்தன. அது இன்னும் நீளம், 16.9 கிலோமீட்டர். அங்கேயும் எதிரெதிர் வண்டிகளுக்கு ஒரே குழாய்தான், அதாவது மலையைக் குடைந்த ஒரே பாதை. இறந்தவர்கள் 11 பேர். பக்கத்திலேயே தனி தப்பிப்புப் பாதை இருந்ததால் பலர் நடந்தே உயிர் பிழைத்தார்கள்.

அதனால் சுரங்கத்தின் நீளத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். எத்தனை குழாய், தப்பிக்கும் கதவு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சேனானி-நஷ்ரியில் வண்டிகளுக்கு ஒரே குழாய், எதிரும் புதிருமாகப் போக வேண்டும். ஆனால் இணையாகத் தப்பிப்புச் சுரங்கம் உண்டு, 300 மீட்டருக்கு ஒரு வழி. நடுவில் மாட்டிக்கொண்டாலும் 150 மீட்டர் நடந்தால் போதும். இமாச்சலத்தில் 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கத்தில் தப்பிக்கும் வழி சாலைக்கு அடியிலேயே போகிறது, கதவு 500 மீட்டருக்கு ஒன்று. என் மனசுக்கு முன்னதே மேல்.

இவை எல்லாவற்றையும்விட குதிரான் மாதிரி இரட்டைக் குழாய் நல்லது. போக ஒன்று, வர ஒன்று. நேருக்கு நேர் மோதல் இல்லை. தீப்பிடித்தால் முன்னால் போனவர்கள் ஓட்டிக்கொண்டே வெளியேறலாம், வண்டி போகும் திசையிலேயே விசிறிகள் புகையைத் தள்ளும், பின்னால் நிற்பவர்கள் இணைப்பு வழியாக அடுத்த குழாய்க்குப் போய்விடலாம். பைக்கில் வரும் ஒருவர் 'கிட்டதானே' என்று ராங் சைடில் உள்ளே வந்தாலே இந்தப் பாதுகாப்பு அத்தனையும் குலைந்துபோகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

என் கணக்கில் இரட்டைக் குழாய் முதலில், தப்பிப்புப் பாதை உள்ள ஒற்றைக் குழாய் அடுத்து, பிறகு மலைச்சாலை. தப்பிப்புப் பாதையே இல்லாத நீளமான ஒற்றைக் குழாய் என்றால், சுற்றினாலும் நான் மலைமேல்தான் போவேன்.

உள்ளே முன்வண்டி நின்றால் இடைவெளி விட்டு நிறுத்தி, எமர்ஜென்சி இண்டிகேட்டர் போட்டு, இன்ஜினை அணையுங்கள். புகை தெரிந்தால் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கதவைப் பார்த்து நடங்கள். பையை எடுக்கத் திரும்ப வேண்டாம்.

போன முறை தொப்பூர் இறக்கத்துக்கு முன்பே அம்மாவை எழுப்பி சீட் பெல்ட் போட வைத்தேன். குதிரானில், ஓடும் ஆள் படம் போட்ட பச்சைப் பலகை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். "தோ, அங்க இருக்குது" என்று கை நீட்டினார். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கை முன்சீட்டைப் பிடித்திருக்கவில்லை.