கடையை வக்பு செய்வதா, நம்பிக்கைப் பொறுப்பாக எழுதுவதா?

இலங்கையின் கம்பளையில் கடையோ அக்குறணையில் காணியோ வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். வக்பு என்பது சொத்தை அல்லாஹ்வுக்காக நிரந்தரமாக அர்ப்பணிப்பது; நம்பிக்கைப் பொறுப்பு (trust) என்பது பிறர் நன்மைக்காகச் சொத்தை ஒருவர் பொறுப்பில் ஒப்படைப்பது. பேரப்பிள்ளைகள்கூட விற்க முடியாதபடி சொத்தைக் கட்டிவைத்த பழைய ரோமன்-டச்சு முறை 1972இல் ஒழிக்கப்பட்டது. எனவே கேள்வி நியாயமானதே.

சட்டம்
வக்பு: 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம்; மேற்பார்வை வக்பு சபை, வழக்குக்கு வக்பு நியாய சபை.
நம்பிக்கைப் பொறுப்பு: 1917ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்; மாவட்ட நீதிமன்றம்.

நிலைப்பு
வக்பு: கொடுத்தவர் மீளப் பெற முடியாது. விற்பனை, நன்கொடை, வாரிசுரிமை எதுவும் அதைத் தொடாது. ஷரீஅத்தின் அடிப்படையே அதுதான். மனம் மாறக்கூடும் என்று தோன்றினால் தயவுசெய்து பொறுங்கள். அவசரத்தில் வக்பு செய்துவிட்டுப் பிள்ளைகள் வாடகை வீட்டில் நிற்பதைக் காண எனக்கு வேதனையாக இருக்கும்.
நம்பிக்கைப் பொறுப்பு: இரத்துச் செய்யும் உரிமையை உறுதியிலேயே வெளிப்படையாக ஒதுக்கிக்கொள்ளலாம்.

செலவு
காணியை நம்பிக்கைப் பொறுப்பாக்க நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும். வாய்மொழி வக்பு மார்க்கத்தில் செல்லும். ஆனாலும் உறுதி இல்லாத காணிக்குப் பின்னாளில் வழக்கே வரும். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பள்ளிவாசலுக்கோ மத்ரசாவுக்கோ கடை வாடகை என்றென்றும் போக வேண்டுமானால் வக்புதான். தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் உட்பட எல்லா மதத்தவருக்கும் புலமைப்பரிசில் கொடுக்க நினைத்தால் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். மரண சாசனத்தின் வழியே வக்பு செய்வோருக்கு மார்க்கப்படி சொத்தில் மூன்றில் ஒரு பங்கே எல்லை.