நீளமான ஆங்கிலச் சொற்களுக்கு உச்சரிப்பு அட்டைகள்: வாங்கலாமா?

தி. நகர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் இந்த அட்டைக் கட்டு, பெரிய பெயர்ச்சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதற்கானது. பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் வாய்ஸ் பிராசஸ் (தொலைபேசியில் வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை) நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சில இடங்களைத் திருத்திக்கொண்டு பயன்படுத்த வேண்டும்.

'ரெஸ்பான்ஸிபிலிட்டி' அட்டையைப் பாருங்கள். ரி–ஸ்பான்–ஸ–பில்–அ–டி என்று ஆறு அசை. நான்காவதான 'பில்' மீது, அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் என்று காட்டும் சிவப்புப் புள்ளி. மிகச் சரி. நம்மவர்கள் ஆறையும் ஒரே கனத்தில் சொல்லி, 'லிட்டி' என்று டகரத்தையும் இரட்டிப்பதால் 'பில்' அமுங்கிவிடுகிறது. மூன்றாம், ஐந்தாம் அசைகளின் உயிர், குற்றியலுகரத்து உகரம் போலக் குறுக வேண்டும். யாப்பு படித்த பிள்ளைகள் 'ஸிபி'யை நிரையாக, அதாவது இரண்டு எழுத்து சேர்ந்த ஒரே அசையாகக் கொண்டு ஐந்து அசை என்பார்கள். ஆங்கிலத்தில் ஓர் அசைக்கு ஓர் உயிரொலிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அழுத்த விதியை அழகாகக் கொடுத்திருக்கிறார்கள். 'இட்டி' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம். 'ரெஸ்பான்ஸிபிள்' சொல்லில் இரண்டாம் அசையில் இருந்தது நான்காவதுக்கு நகர்வதும், 'எலக்ட்ரிக்' 'எலக்ட்ரிசிட்டி' ஆகும்போது 'லெக்'கிலிருந்து 'ட்ரி'க்கு நகர்வதும் இதனால்தான்.

பின்பக்கம்தான் குழப்புகிறது. அங்கே சொல்லின் உறுப்புகள், அதாவது வேரும் ஒட்டுகளும்: ரி, ஸ்பான்ஸ், இபில், இட்டி. 'ஸ்பான்ஸ்' வாக்குக் கொடுத்தலைக் குறிக்கும் லத்தீன் வேர். 'ஸ்பான்ஸர்' இதன் உறவு. பி.எல்.இ. முடிவு பி.ஐ.எல். ஆக மாறுவதையும் காட்டியிருப்பதால் எழுத்துப்பிழை குறையும். ஆனால் உறுப்பையும் அசையையும் ஒரே கோட்டால் பிரித்திருக்கிறார்கள். பிள்ளை நான்கு அசை என்று எழுதிவிடும். உறுப்புகளுக்குப் பச்சை மையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி மேல் 'பெயர்ச்சொல்லுக்கு முதல் அசையில் அழுத்தம்' என்றிருக்கிறது. 'ரெக்கார்ட்' போன்ற ஈரசைச் சொற்கள் பலவற்றுக்குத்தான் அது பொருந்தும், அடித்துவிடுங்கள்.

சில அட்டைகளில் அகராதித் தலைச்சொல்லின் நடுப்புள்ளிகளை அப்படியே அசையாக்கியிருக்கிறார்கள். அவை வரி முடிவில் சொல்லை உடைக்கும் இடங்கள். 'அபிலிட்டி' நான்கு அசை. தனி எழுத்தை வரிக்கடைசியில் விடக்கூடாது என்பதால் சில அமெரிக்க அகராதிகள் அதை மூன்று துண்டாகவே காட்டும். அகராதி தரும் ஒலிக்குறிப்பில் அழுத்த அசைக்கு முன்னால் மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோட்டைப் பார்த்துச் சரிபாருங்கள்.

பழகும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள்: டி, அடி, பிலடி, ஸபிலடி, ஸ்பான்ஸபிலடி, பிறகு முழுச்சொல். அழுத்தம் தானாக இடத்தில் உட்காரும். கட்டோடு ஒலிப்பதிவு வருவதில்லை. அகராதிச் செயலியின் ஒலியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் பிள்ளையிடம் தனியாகக் கொடுக்க வேண்டாம்.