டயாலிசிஸ் யூனிட் கீழே இருக்கும் கேன்டீன்: எதற்கு எத்தனை மதிப்பெண்?

அவித்த முட்டை, இட்லி, மேரி பிஸ்கட், வாழைப்பழம், வாசலில் இளநீர். தமிழ்நாட்டு டயாலிசிஸ் சென்டர்களைச் சுற்றிப் பெரும்பாலும் கிடைப்பவை இவைதான். ருசிக்கு அல்ல, சிறுநீரகம் பழுதாகி, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினில் நான்கு மணி நேரம் இருப்பவருக்கு ஒத்துப்போகுமா என்பதற்கே இந்த மதிப்பெண்.

முட்டை, வெள்ளைக்கரு மட்டும்: 4½/5. ஒன்றில் சுமார் 3.5 கிராம் புரதம். பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் மஞ்சள் கருவில்தான் குவிந்திருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். டயாலிசிஸில் அமினோ அமிலமும் கழிவோடு போய்விடுவதால் இந்தப் புரதம் உதவும். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. அதனால் சின்னத் துண்டுகளாக நறுக்கி வாங்குங்கள். மிளகு போடலாம், உப்பு வேண்டாம்.

இட்லி: வீட்டில் கிளம்பும் முன் சாப்பிட்டால் 4/5, டயாலிசிஸ் படுக்கையில் சாப்பிட்டால் 1/5. குறை இட்லியில் இல்லை, நேரத்தில். வயிறு நிறைந்தால் செரிமானத்துக்காக ரத்தம் குடல் பக்கம் திரும்பும். அதே நேரத்தில் மிஷின் உடம்பில் தேங்கிய நீரை இழுத்துக்கொண்டிருக்கும். பிபி சடாரென்று இறங்கி தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, வாந்தி எல்லாம் வரலாம். மல்லாந்து படுத்திருந்தால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகவும் கூடும். இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது நல்லது. சாம்பாரோ கேட்கவே வேண்டாம்: உப்பு, பருப்பின் பொட்டாசியம், போதாததற்குத் தண்ணீர்க் கணக்கும் ஏறும்.

மேரி பிஸ்கட்: 3½/5. இரண்டு போதும். டீயோடு சாப்பிட்டால் அந்த 100 மில்லி டீயும் மிஷின் எடுக்க வேண்டிய நீர்க் கணக்கில் சேரும், டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். உப்பு பிஸ்கட்டும் பொரியும் (பொரிக்கும் முன்பே அரிசியில் உப்பு சேர்ப்பது வழக்கம்) தாகத்தைக் கிளப்பும்.

இளநீர், வாழைப்பழம்: 0/5. "மிஷின் ஓடுதே, பொட்டாசியத்தை அது எடுத்துடும்" என்று பக்கத்துக் கட்டிலில் சொல்வார்கள். ஒரு தம்ளர் இளநீரில் சுமார் 400–500 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பெரிய வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சாப்பிட்டது எல்லாம் குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேர நேரம் ஆகும். அதற்குள் டயாலிசிஸ் முடிந்துவிடலாம். மிச்சப் பொட்டாசியம் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கி இதயத் துடிப்பைக் குலைக்கலாம். பழம் வேண்டுமானால் அரை ஆப்பிள்.

எதைச் சாப்பிட்டாலும் கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, மென்று, டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்துக்கு முன் முடித்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு நடுவில் வியர்வை, நடுக்கம் வந்தால் பிஸ்கட்டைத் தேட வேண்டாம், உடனே நர்ஸைக் கூப்பிட்டு சுகர் பார்க்கச் சொல்லுங்கள். போன முறை பிபி இறங்கியவருக்கு மேலே போட்ட மதிப்பெண் எதுவும் செல்லாது. ஊசி எடுத்து, உட்கார வைத்து பிபி பார்த்த பிறகே அவருக்குச் சாப்பாடு.