இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கும் முன் பாட்டில் வாயைப் பாருங்கள்

வாழப்பாடியில் ஜெராக்ஸ் கடை போடப் போகும் நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்க கடையில இருக்கிற இங்க் டேங்க் பிரிண்டர் விலை இறங்கியிருக்கே, வாங்கலாமாண்ணா?" ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் என் கடை. சான்றிதழ் விண்ணப்பம், பிள்ளைகளின் பிராஜெக்ட், எஸ்டேட் சம்பளப் பட்டியல், டூரிஸ்டுகளின் டிக்கெட் எல்லாம் பல வருடமாக இந்த ஒரு பிரிண்டரில்தான் ஓடுகிறது. வேகம், ஸ்கேனர், வைஃபை பற்றியெல்லாம் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பக்கத்துக்கு என்ன செலவாகும் என்பதும் தெரிந்த கணக்கு. இங்க் ஊற்றுகிற வேலையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. தினமும் பிரிண்ட் போடுகிறவனுக்கு அதுதான் பெரிய விஷயம்.

இதற்கு முன் வேறொரு கம்பெனி பிரிண்டர் வைத்திருந்தேன். அதன் பாட்டிலுக்கு நீள மூக்கு, நுனியில் ஒரே ஓட்டை. கவிழ்த்தால் இங்க் தானாக இறங்காது. இங்க் வெளியே வந்தால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். அதற்கு வழி கிடையாது. எனவே பாட்டிலை அமுக்க வேண்டும். அமுக்கினால் பீச்சும். கையை விட்டால் மூக்கில் நிற்கிற இங்க்கோடு காற்றையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அடுத்த அமுக்கலில் அந்தக் காற்று நுரையாகத் தொட்டிக்குள் போகும், நுரை அடங்கும் வரை தொட்டியின் மேல்கோட்டுக்கு இங்க் வந்துவிட்டதா என்று தெரியாது. வெளியே எடுக்கும்போது பிடி கொஞ்சம் இறுகினால் போதும், ஒரு சொட்டு கீழே. மஞ்சள் என்றால் துடைத்துவிடலாம். கருப்பு பட்டால் அன்று முழுக்க விரலில் நிற்கும். யாராவது ஒரிஜினல் சர்டிபிகேட்டை நீட்டினால் வாங்கவே பயமாக இருக்கும்.

இப்போது இருக்கிற பிரிண்டரில் இந்தத் தொல்லை கிடையாது. தொட்டியின் வாய்க்குள் ஒரு சின்னக் குழாய் நிற்கிறது. செல்போன் டார்ச்சை அடித்து உற்றுப் பார்த்தால் குழாய்க்கு நடுவே ஒரு மெல்லிய சுவர் தெரியும். அதாவது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வழிகள். பாட்டில் மூக்கில் சிலிகான் ரப்பர், அதில் ஒரு கீறல். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் கீறல் மூடியே இருப்பதால் சொட்டாது. தொட்டி வாயில் பொருத்தியதும் குழாய் அந்தக் கீறலை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். ஒரு வழியில் இங்க் இறங்கும், மற்றதில் காற்று ஏறும். கையை எடுத்துவிடலாம். குமிழி ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக மேலே போகும், நுரை வராது. தொட்டியில் இங்க் மட்டம் ஏறி குழாயின் கீழ் நுனியைத் தொட்டதும் காற்றுக்கு வழி அடைபடும். காற்று போகாவிட்டால் இங்க்கும் வராது, தானாக நின்றுவிடும். கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குக் கவிழ்த்து வைக்கும் தண்ணீர் டப்பா நிற்பதும் இதே கணக்கில்தான். கலருக்குக் கலர் வாயின் வடிவமும் வேறு வேறு. நீலத் தொட்டியில் மஞ்சள் பாட்டில் நுழையாது. கடைப் பையனை நம்பி இங்க் ஊற்றச் சொல்லலாம். இதை யோசித்துச் செய்த இன்ஜினியர் யாரோ, அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

எரிச்சலும் அதே இடத்தில்தான். இரண்டு வழி இருந்தால் மட்டும் போதாது. இரண்டிலும் இங்க் ஒரே மாதிரி வந்து நின்றுவிட்டால் எது இறங்குவது, எது ஏறுவது என்று முடிவாகாது. அவ்வளவு சின்ன வழியில் பரப்பு இழுவிசையே இங்க்கைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒன்றை உயரமாகவும் மற்றதைத் தாழ்வாகவும் வைத்து, ஒரு பக்கம் முந்திக்கொள்ளும்படி செய்ய வேண்டும். சாதாரண நாளில் அது சரியாக வேலை செய்கிறது. மார்கழி, தை மாதக் காலையில் இங்க் குளிர்ந்து கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போது பாட்டிலைப் பொருத்தினால் ஒன்றுமே நடக்காது. குமிழியே வராது. அமுக்கக் கூடாது, வெளியே எடுத்து மறுபடி பொருத்த வேண்டும். மறுபடி பொருத்தினால் பெரும்பாலும் ஓடிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதிரே நாலு பேர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நிற்கும்போது எடுத்து எடுத்து வைப்பது கடுப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று மலைக்காரர்களுக்கு மட்டுமானது. இதில் கம்பெனி மேல் தப்பு சொல்ல முடியாது. சேலத்தில் கடையை மூடிய உறவினர் ஒருவர் பாதி பாதியாக மீந்த பாட்டில்களைக் கொடுத்தார். மேலே கொண்டுவந்து மெஜந்தாவைப் பொருத்தினால், தானாக நிற்கவேண்டிய கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. காரணம் உள்ளே இருந்த சேலத்துக் காற்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பாட்டிலில் 40 மில்லி காற்று இருந்தால் அது இங்கே சுமார் 46 மில்லி இடம் கேட்கும். அந்த 6 மில்லிக்கு இங்க் வெளியேறித்தான் ஆக வேண்டும், தொட்டியில் அவ்வளவு இடம் இல்லையென்றால் குழாய் நுனி மூழ்கினாலும் நிற்காது. முழுப் பாட்டிலில் காற்று கொஞ்சம்தான் என்பதால் அவ்வளவாகத் தெரியாது, பாதிப் பாட்டில்தான் ஆபத்து. அதனால் கீழேயிருந்து வந்த பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மூக்கோடு சேர்த்து மூடியைத் திருகித் திறந்து காற்றை விட்டு, மறுபடி இறுக்கிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும். குளிர் நாளில் பாட்டிலின் வயிற்றைப் பிடிக்காதீர்கள், கைச்சூடே உள்ளே இருக்கிற காற்றை விரிக்கும். கழுத்தைப் பிடியுங்கள்.

சரி, விலை விஷயம். நண்பர் சொன்னது நிஜமா என்று பார்க்க, சேலம் போனபோது ஐந்து ரோட்டில் ஒரு கடைக்குள் போனேன். விலை இறங்கியிருப்பது என்னுடைய மாடல் இல்லை, அதன் தம்பி. பார்க்க அச்சு அசல் அதேதான், பெயரில் ஓர் எழுத்து மட்டும் வேறு. பாட்டிலைக் காட்டச் சொன்னேன். நீள மூக்கு, ஒற்றை ஓட்டை, அமுக்கி ஊற்ற வேண்டியது! இரட்டை வழி விலை கூடின மாடலுக்கு மட்டுமாம். அங்கேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சின்னக் குழாய்க்கும் துண்டு ரப்பருக்கும் எவ்வளவு செலவாகிவிடும்? சுத்தமாக ஊற்றத் தெரிந்த கம்பெனியே, காசு குறைத்துக் கொடுக்கிறவன் கை கறைபடட்டும் என்று விட்டால் எப்படி? புதிதாகக் கடை போடுகிறவர்கள் வாங்குவது அந்த மலிவு மாடலைத்தானே.

என் பிரிண்டர் மேல் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. இன்றைக்குக் காலையில்கூட கருப்பு இங்க் ஊற்றினேன், விரலில் ஒரு பொட்டு இல்லை. ஆனால் நண்பருக்கு அந்தக் கம்பெனியைச் சொல்ல மனசு வரவில்லை. கருப்பு வெள்ளைக்கு ஒரு லேசர் வாங்கிக்கொள்ளுங்கள், கலர் வேலை வந்தால் இப்போதைக்கு வெளியே கொடுத்து வாங்கிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கலர் இல்லாமல் முடியாது என்றால், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பணம் கட்டும் முன் பாட்டிலை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அமுக்க வேண்டியதாக இருந்தால் வேண்டாம்.